தன்னைச் சுடப்போகிறவருக்கே கடிகாரத்தை எழுதிவைத்த அதிகாரி: நடந்தது என்ன?

1921இல் அயர்லாந்தில் ஐ.ஆர்.ஏ.விடம் (பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஐரிஷ் குடியரசுப் படையிடம்) பிடிபட்ட ஓர் இளம் பிரிட்டிஷ் அதிகாரி, தன்னைச் சுடப்போகிறவருக்கே தன் கடிகாரத்தைக் கொடுக்கச் சொல்லி எழுதிவைத்துவிட்டுச் செத்ததாகப் படித்தேன், இது நடந்ததா, யாரோ கட்டிவிட்ட கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு கடைசி வரியில், அவ்வளவு மரியாதையாக வைத்திருந்தவர்கள் எதற்காகச் சுட்டார்கள், அவர் உளவாளியா என்றும் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது, அதனால் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும். நான் கல்லூரியில் பல வருடம் நவீன ஐரோப்பிய வரலாறு நடத்தியவன். அயர்லாந்தின் இந்த இரண்டு மூன்று வருடங்களை விடாமல் படித்துவருகிறேன். அதேசமயம் என் படிப்பு முழுக்க அச்சிலும் இணையத்திலும் வெளிவந்த ஆவணங்களை வைத்துத்தான், இது நடந்த கார்க் மாவட்டத்துக்குப் போய் ஊர்க்காரர்களிடம் விசாரித்தவன் கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நேரடிப் பதில்: கடிகாரம் பற்றி எழுதிவைத்தது உண்மை. அந்த அதிகாரியின் பெயர் மேஜர் ஜெஃப்ரி காம்ப்டன்-ஸ்மித். ராயல் வெல்ஷ் ஃப்யூசிலியர்ஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர், முதல் உலகப்போரில் டி.எஸ்.ஓ. பதக்கம் வாங்கியவர், சாகும்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். கல்யாணம் ஆகி, ஆன் என்று ஒரு சின்ன மகள். போர் முடிந்து உயிரோடு திரும்பிய எத்தனையோ அதிகாரிகளைப் போல அவரும் அடுத்ததாக அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டார், கார்க் மாவட்டத்தின் வடக்கே பட்டவன்ட் ஊருக்குப் பக்கத்தில் இருந்த பட்டாளத்தோடு. பிரான்ஸின் பதுங்குகுழிகளில் பிழைத்தவர் அயர்லாந்தின் ஒரு கிராமத்தில் செத்தார். இந்த வரியைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு கனக்கத்தான் செய்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்த வருத்தத்தோடு நின்றுவிட்டால் உங்கள் கடைசி வரிக்குப் பதில் கிடைக்காது.

1921 ஏப்ரல் 16ஆம் தேதி அவர் பிளார்னியில் பிடிபட்டார். கார்க் நகரத்திலிருந்து சில மைல் தூரத்தில் கோட்டைக்குப் பேர்போன ஊர் அது. பிடித்தவர்கள் ஐ.ஆர்.ஏ.வின் கார்க் முதலாம் படைப்பிரிவில் ஆறாவது பட்டாலியன்காரர்கள். அங்கிருந்து அவரை மேற்கே டொனமோர் பகுதிக்குக் கொண்டுபோய் மலையை ஒட்டிய ஒரு குடியானவர் வட்டாரத்தில் வைத்திருந்தார்கள். ஏன் துணைப்படை இல்லாமல் அப்படி ஒரு ஊருக்குத் தனியாகப் போனார் என்பதற்கு அன்றைக்கே இரண்டு மூன்று விதமான விளக்கம் ஓடியது. அவருக்குப் படம் வரையும் பழக்கம் உண்டு, வரையத்தான் போனார் என்பது ஒன்று. உளவு வேலையாகப் போனார் என்பது இன்னொன்று. இந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது அந்தப் பட்டாலியனின் பெயரைக் கவனியுங்கள், ஏனென்றால் பணயக் கைதி பிடிப்பது அவர்களுக்கு இது முதல் தடவை இல்லை. இந்தக் கதையைத் தனியாக எடுத்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். 1920 டிசம்பர் 10ஆம் தேதி கார்க், கெர்ரி, லிமரிக், டிப்பரேரி மாவட்டங்களில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தாலே ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை கொடுக்கலாம் என்று ஆனது. அப்படி முதலில் சுடப்பட்டவர் கார்னீலியஸ் மர்ஃபி, 1921 பிப்ரவரி 1இல். அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு துப்பாக்கி வைத்திருந்தார் என்பது, அவ்வளவுதான். அதற்குச் சில நாள் முன்னால், ஜனவரி 28ஆம் தேதி, டிரிப்ஸி ஊர்ப்பக்கம் ஆறாவது பட்டாலியன்காரர்கள் ராணுவ லாரிகளுக்காகப் பதுங்கியிருந்தபோது, அந்த வட்டாரத்தில் குடியிருந்த திருமதி லின்ட்ஸி என்ற வயதான விதவை விஷயத்தை ராணுவத்திடம் சொல்லிவிட்டார். அந்த ஊர் கத்தோலிக்கப் பாதிரியார் ஆபத்து என்று சொல்லி அனுப்பியும், இவர் எப்போதும் நம்மைத் தடுக்கிறவர்தானே என்று பையன்கள் நம்பவில்லை. ராணுவம் பின்பக்கமாக வந்து மடக்கியது. பிடிபட்டவர்களில் ஐந்து பேருக்கு மரண தண்டனை.

உடனே அந்தப் பட்டாலியன் திருமதி லின்ட்ஸியையும் அவருடைய கார் ஓட்டுநர் ஜேம்ஸ் கிளார்க்கையும் தூக்கிக்கொண்டு போனது. எங்கள் ஆட்களைச் சுட்டால் இவர்களையும் சுடுவோம் என்று கார்க்கில் ஆறாவது டிவிஷன் தளபதியாக இருந்த ஜெனரல் ஸ்ட்ரிக்லண்டுக்குக் கடிதம் போனது. ஸ்ட்ரிக்லண்ட் அசையவில்லை. பிப்ரவரி 28 காலையில் கார்க் ராணுவச் சிறையில் டிரிப்ஸி ஆட்கள் ஐந்து பேரும் டிப்பரேரிக்காரர் ஒருவரும் சுடப்பட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே கார்க் நகரத் தெருக்களில் ஆயுதமில்லாமல் நடமாடிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆறு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மார்ச் மாதத்தில் அந்த அம்மாளையும் ஓட்டுநரையும் சுட்டார்கள். அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். இருவரின் உடல்களும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஓட்டுநர் கிளார்க் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, முதலாளி அம்மாவோடு இருந்த ஒரே காரணத்துக்காகச் செத்தவர் என்றுதான் நான் அவரைப் பற்றி நினைக்கிறேன்.

ஆக ஏப்ரலில் காம்ப்டன்-ஸ்மித் கையில் சிக்கியபோது, பிடித்தவர்களுக்கும் சரி, ஸ்ட்ரிக்லண்டுக்கும் சரி, இந்தப் பேரம் எப்படி முடியும் என்பது தெரியும். இந்தத் தடவை கார்க் ராணுவச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்தவர்கள் நான்கு பேர். மோரிஸ் மூர், பேட்ரிக் ஓ'சல்லிவன் இருவரும் பிப்ரவரி 20ஆம் தேதி கிளான்மல்ட்டில் பிடிபட்டவர்கள். ஐ.ஆர்.ஏ. பன்னிரண்டு பேரை இழந்த சண்டை அது, ஒரு குடிசை வீட்டைச் சுற்றி வளைத்துக் கூரைக்குத் தீ வைத்தார்கள், சரணடைய வெளியே வந்தவர்களில் பலரை அங்கேயே சுட்டார்கள் என்று அந்த வட்டாரம் இன்றும் சொல்கிறது. தாமஸ் மல்கஹி, பேட்ரிக் ரோனேன் இருவரும் அதற்கு ஐந்து நாள் முன்னால் மோர்ன் ஆபியில் பிடிபட்டவர்கள். இந்த நான்கு பேரைச் சுட்டால் மேஜரைச் சுடுவோம் என்று செய்தி போனது. ஏப்ரல் 28ஆம் தேதி நான்கு பேரையும் சுட்டார்கள். ஏப்ரல் 30ஆம் தேதி மேஜரைச் சுட்டார்கள்.

ஸ்ட்ரிக்லண்ட் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மேஜருக்காக நான்கு தண்டனைகளை நிறுத்தினால், அடுத்த வாரமே மாவட்டம் முழுக்க அதிகாரிகளைத் தூக்க ஆரம்பிப்பார்கள், அதற்கப்புறம் எந்தத் தண்டனையையும் நிறைவேற்ற முடியாது. ராணுவத் தளபதி ஒருவர் அப்படித்தான் யோசிப்பார். ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. பிடிபட்ட ஐ.ஆர்.ஏ. ஆட்களைப் போர்க்கைதிகள் என்று ஒத்துக்கொண்டிருந்தால் கைதி பரிமாற்றம் என்ற பேச்சுக்கே இடம் இருந்திருக்கும். லண்டன் அரசு இதைப் போர் என்று சொல்லவே மறுத்தது, கொலைக் கும்பலை அடக்கும் போலீஸ் வேலை என்றது. அதேசமயம் ராணுவச் சட்டத்தையும் போட்டு, ராணுவ நீதிமன்றத்தையும் வைத்து, தண்டனை பெற்றவர்களைச் சுடும் படையையும் வைத்தது. போருக்கான அதிகாரம் எல்லாம் வேண்டும், போருக்கான கட்டுப்பாடு எதுவும் வேண்டாம் என்ற நிலை. இன்னொரு பக்கம், கையில் சிறை இல்லாத, ஒரு கைதியைக்கூட அதிக நாள் ஒரே வீட்டில் வைத்திருக்க முடியாத கொரில்லாப் படை. அதனிடம் இருந்த ஒரே மிரட்டல் கைதியின் உயிர்தான், மிரட்டிவிட்டு நிறைவேற்றாமல் விட்டால் அந்த மிரட்டலும் போய்விடும். காம்ப்டன்-ஸ்மித் இந்த இரண்டு பிடிவாதங்களுக்கு நடுவில் சிக்கினார். அவரைப் பிடித்தவர்களுக்கு அவர்மேல் தனிப்பட்ட கோபம் இருந்ததாக எந்தச் சாட்சியமும் சொல்வதில்லை. அவருக்குப் பதிலாக வேறு ஒரு மேஜர் அன்று பிளார்னிக்குப் போயிருந்தால் அந்த மேஜர் செத்திருப்பார்.

இப்போது கடிதங்கள். சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுதியவை. மனைவிக்கு எழுதியதில், இன்னும் ஒரு மணி நேரத்தில் என்னைச் சுடப்போகிறார்கள் என்று ஆரம்பித்து, உன் பெயர் உதட்டில் இருக்க, உன் முகம் கண்முன் நிற்கச் சாவேன் என்கிறார், ஓர் ஆங்கிலேயனாகவும் சிப்பாயாகவும் சாவேன் என்கிறார். சாவதில் எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, உன்னைத் தனியாக விட்டுப்போவதுதான் தாங்கவில்லை என்பது அதன் சாரம். மகளின் பெயரைச் சொல்கிறார். தன் சின்னப் பதக்கங்கள் அப்பாவுக்கு, சிகரெட் பெட்டி ரெஜிமெண்டுக்கு என்று பிரித்துவிட்டு, கடிகாரம் தன்னைச் சுடும் அதிகாரிக்கு என்கிறார். காரணமும் எழுதுகிறார்: அவர் கண்ணியமானவர் என்று நம்புகிறேன், தன் கடமை என்று மனப்பூர்வமாக நினைப்பதைச் செய்கிறார், அவர்மேல் எனக்குப் பகை இல்லை என்பதற்கு அடையாளமாக இது இருக்கட்டும்.

நீங்கள் படித்தது இந்தப் பகுதியைத்தான். என்னைக் கேட்டால் இதைவிட முக்கியமானது ரெஜிமெண்ட் தோழர்களுக்கு அவர் எழுதியது. என் சாவு இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் இருக்கும் கசப்பைக் கூட்டாமல் குறைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன் என்கிறார். என்னை மிகுந்த அன்போடு நடத்தினார்கள், ஷின் ஃபெய்ன்காரர்களை (ஐரிஷ் விடுதலை இயக்கத்தினரை) கொலைகாரக் கும்பல் என்று நினைப்பதைவிட வழிதவறிய லட்சியவாதிகள் என்று நினைக்க இந்தச் சிறைவாசத்தில் கற்றுக்கொண்டேன் என்கிறார். இந்த வார்த்தையைச் சாதாரணமாகக் கடந்துபோகாதீர்கள். கொலைகாரக் கும்பல் என்பது அன்றைய பிரிட்டிஷ் அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலும் மேடையிலும் திரும்பத் திரும்பச் சொன்ன அரசாங்கச் சொல். பிரதமர் லாயிட் ஜார்ஜ் 1920 நவம்பரில் லண்டன் விருந்து ஒன்றில் கொலையின் கழுத்தைப் பிடித்துவிட்டோம் என்று பெருமையாகப் பேசினார். ஐந்தாறு மாதம் கழித்து, அதே கும்பலின் கையில் சாகப்போகிற அவருடைய சொந்த அதிகாரி, உட்கார்ந்து அந்தச் சொல்லைத் தப்பு என்று எழுதுகிறார். வழிதவறியவர்கள் என்றும் சேர்த்துத்தான் எழுதுகிறார், அவர்கள் பக்கம் சாயவில்லை, தன் நாட்டை விட்டுக்கொடுக்கவும் இல்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வருவது இந்த அளவான நேர்மைக்காகத்தான், கடிகாரத்துக்காக மட்டும் இல்லை.

காவலில் இருப்பவன் எழுதும் கடிதத்தை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். எழுதும்போது பக்கத்தில் ஆள் நிற்கிறார், கடிதம் போய்ச் சேர வேண்டுமென்றால் அவர்கள் கை வழியாகத்தான் போக வேண்டும். அதனால் நன்றாக நடத்தினார்கள் என்ற வரியை மட்டும் தனியாக எடுத்துவைத்தால் சந்தேகப்படலாம். ஆனால் மொத்தக் கடிதத்தையும் படித்தால், கட்டாயத்தில் எழுதுகிறவனின் கை அதில் இல்லை. ஆங்கிலேயனாகச் சாவேன் என்று எவரும் கட்டாயப்படுத்தி எழுதவைக்க மாட்டார்கள். ஏற்கெனவே நடந்த இன்னொரு சம்பவமும் இதற்குத் துணை நிற்கிறது. 1920 ஜூன் 26ஆம் தேதி ஃபர்மாய் ஊருக்குப் பக்கத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் பிரிகேடியர் ஜெனரல் லூகாஸை ஐ.ஆர்.ஏ. தளபதி லியம் லிஞ்சின் ஆட்கள் பிடித்துப்போய் ஒரு மாதம் வீடு வீடாக மாற்றி வைத்திருந்தார்கள். மனைவிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது, கடிதப் போக்குவரத்துக்குக்கூட வழிசெய்து கொடுத்தார்கள். ஜூலை கடைசியில் அவர் தப்பித்தார், அல்லது தப்பிக்க விட்டார்கள், இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். வெளியே வந்த பிறகும், எந்தக் காவலும் இல்லாத நிலையில், தன்னைக் கண்ணியமாக நடத்தியதாகத்தான் அவர் சொன்னார்.

லூகாஸ் பிழைத்தார், காம்ப்டன்-ஸ்மித் பிழைக்கவில்லை. நடுவில் பத்து மாதம்தான். ஆனால் அந்தப் பத்து மாதத்தில்தான் பதினெட்டு வயது மருத்துவ மாணவன் கெவின் பேரி டப்ளினில் தூக்கிலிடப்பட்டான், ராணுவச் சட்டம் வந்தது, கார்க் நகரத்தின் நடுப்பகுதியை அரசுப் படையினரே கொளுத்தினார்கள், டிரிப்ஸியும் கிளான்மல்ட்டும் நடந்தன. லூகாஸைப் பிடித்தபோது அவருக்கு ஈடாக நிறுத்தச் சொல்ல மரண தண்டனையே இல்லை. அதனால் மரியாதையாக நடத்தியவர்கள் ஏன் சுட்டார்கள் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது: நடத்திய விதத்தைத் தீர்மானித்தவர்கள் அந்த வீட்டில் இருந்த மனிதர்கள், சுட்டதைத் தீர்மானித்தது ஏப்ரல் 28ஆம் தேதி கார்க் ராணுவச் சிறையில் நடந்தது. டீயும் படுக்கையும் கொடுத்த அதே ஆட்களால் துப்பாக்கியையும் எடுக்க முடிந்தது என்பது நமக்கு ஜீரணிக்கக் கஷ்டமாக இருக்கிறது. அந்தக் கஷ்டத்தைக் குறைப்பதற்காகவே பலர் இந்தக் கதையை ஒரு வீரமரணக் காவியமாக மாற்றிச் சொல்கிறார்கள், அதில் எனக்கு உடன்பாடு கிடையாது. இரண்டு பக்கமும் பெருந்தன்மையாக நடந்துகொண்டது என்று முடித்துவிட்டால், ஐந்து பேர் சாகாமல் இருந்திருக்கலாம் என்ற விஷயம் காணாமல் போய்விடுகிறது.

சரி, இனி உறுதியில்லாதவை. சுட்ட இடத்தில் என்ன பேச்சு நடந்தது, கடைசியாக என்ன சொன்னார், சிகரெட்டைக் கீழே போட்டுத்தான் சைகை கொடுத்தாரா என்பது மாதிரி விவரங்கள் இணையத்தில் நிறைய உலவுகின்றன. இவற்றுக்கு அன்றைய எழுத்துச் சான்று எதையும் நான் பார்த்ததில்லை, நான் பார்த்தவை பல வருடம் கழித்துச் சொன்ன நினைவுகள். அந்தப் பட்டாலியனின் துணைத் தளபதி ஃபிராங்க் பஸ்டீட் வயதான பிறகு சொன்ன கதைகளில் கொஞ்சம் மிகை உண்டு என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து, எனக்கும் அப்படித்தான் படுகிறது. அயர்லாந்து அரசு 1947 முதல் 1957 வரை பழைய போராளிகளிடம் 1773 வாக்குமூலங்களை வாங்கிப் பூட்டிவைத்து 2003இல் வெளியிட்டது, அருமையான புதையல் அது. ஆனால் இருபத்தைந்து முப்பது வருடம் கழித்து, ஜெயித்த பக்கத்திலிருந்து, ஊரில் சுற்றிய கதைகளையும் கேட்டுக்கேட்டுப் பழகியவர்கள் சொன்னது என்ற எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். தேதி, இடம், யார் எந்தப் பட்டாலியன் என்பதற்கு நம்பலாம், கடைசி வார்த்தைகளுக்கு நம்பக்கூடாது. கடிகாரம் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். அவர் எழுதிவைத்தார் என்பது கடிதத்தில் இருக்கிறது. கைக்கு வந்தபின் அது என்ன ஆனது என்று சொல்லப்படும் கதைகளை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

உடலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சுட்டபின் டொனமோர் பக்கத்திலேயே ரகசியமாகப் புதைத்துவிட்டார்கள். ஜூலை 11ஆம் தேதி போர்நிறுத்தம் வந்தது, டிசம்பரில் ஒப்பந்தம், அப்புறம் ஐரிஷ்காரர்களுக்குள்ளேயே உள்நாட்டுப் போர். அதுவரை அந்தக் குடும்பத்துக்குக் கல்லறை என்று ஒன்று இல்லை. 1926இல்தான் உடல் கிடைத்து, கார்க் துறைமுகத்தில் கார்லைல் கோட்டையில் ராணுவ மரியாதையோடு புதைக்கப்பட்டது. சுதந்திர அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவ மரியாதை எப்படி என்று குழம்ப வேண்டாம், 1921 ஒப்பந்தப்படி அந்தத் துறைமுகக் கோட்டைகள் 1938 வரை பிரிட்டன் கையில்தான் இருந்தன. அவருக்கு ஈடாகப் பேசப்பட்ட நான்கு பேரையும் குடும்பத்திடம் கொடுக்கவில்லை, ராணுவச் சட்டத்தின்கீழ் கார்க்கில் சுடப்பட்ட மற்றவர்களோடு சேர்த்து, ராணுவச் சிறையில் இல்லாமல், கார்க் மாவட்டச் சிறை வளாகத்தில் புதைத்தார்கள், இன்று அந்த இடம் பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது. உடலைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதில் இரண்டு தரப்பும் ஒரே மாதிரி நடந்துகொண்டன. இரு பக்கத்து அம்மாக்களும் மனைவிகளும் பட்டது ஒரே பாடுதான்.

கடைசியாக, உளவாளியா? கார்க்கில் அந்த மாதங்களில் சாதாரண உடையில் திரிந்து பிடிபட்ட உளவுப்பிரிவு அதிகாரிகள் உண்டு, 1920 நவம்பரில் வாட்டர்ஃபால் என்ற இடத்தில் ரயிலிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்ட மூன்று அதிகாரிகளையும் உளவு வேலையில் இருந்தவர்கள் என்று சொல்லித்தான் கொன்றார்கள். அதனால் தனியாக வந்த மேஜரைப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் வந்தது இயல்பு. ஆனால் காம்ப்டன்-ஸ்மித் விஷயத்தில் அவரைச் சுட்டது உளவாளி என்ற தீர்ப்பின்பேரில் இல்லை. நான்கு பேரை விட்டால் இவரை விடுவோம் என்று பேரம் பேசினார்கள், உளவாளி என்று முடிவுகட்டிய ஒருவரை வைத்து அந்த மாவட்டத்தில் ஐ.ஆர்.ஏ. பேரம் பேசியதாக நான் படித்ததில்லை. திருமதி லின்ட்ஸி மட்டும் விதிவிலக்கு, அவரைப் பிடித்ததும் இதே பட்டாலியன்தான். இதிலிருந்து என் முடிவு, அவர் பிளார்னிக்குப் படம் வரையப் போயிருந்தாலும் வேறு வேலையாகப் போயிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஏப்ரல் 28ஆம் தேதி தண்டனைகளை ஸ்ட்ரிக்லண்ட் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போட்டிருந்தால் மாறியிருக்கலாம், பத்து வாரத்தில் போர்நிறுத்தம் வந்துவிட்டது.